நட்சத்திரத்துக்கு ஒரு கண்

ரிச்சி தெருக் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியின் மேல் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் இரண்டு கண்களை எடுத்து வைத்தார். ஒன்று சட்டைப் பொத்தான் அளவில் தட்டையாக இருந்தது. அதன் முகத்தில் ஒரு சிவப்புக் கோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளைந்து வளைந்து ஓடியது. எல்.டி.ஆர். என்பார்கள். இன்னொன்று பாசிமணி போலத் தெளிவாக, இரண்டு கம்பிக் கால்களோடு இருந்தது. அது போட்டோ டிரான்சிஸ்டர். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான், வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது. பார்க்கிற வேகம்தான் வேறு.

"இன்னாத்துக்கும்மா? காலேஜ் பிராஜக்டா?"

"எங்க கோயில் கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு. இருட்டினா தானா எரியணும்" என்றாள் சாராள்.

"அப்ப எல்.டி.ஆரே போதும். கொஞ்சம் ஸ்லோ, அவ்ளோதான். இன்னொண்ணு ஃபாஸ்ட்டு. நீ கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள நூறு வாட்டி பாத்துரும். ஸ்டாருக்கு இன்னாத்துக்கு அவ்ளோ அவசரம்?"

அவசரம் யாருக்கு என்று அவருக்கு எப்படித் தெரியும். சாராள் இரண்டையும் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவளை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இரண்டிலும் ஒன்று ஒன்று கொடுங்கள் என்று சொல்லி, காகிதப் பொட்டலத்தைக் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்து மூடினாள். நட்சத்திரம் எரிவதற்கு அவள் கண் வாங்க வரவில்லை. சபையார் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அது மானத்தை வாங்க வேண்டும். வாங்கப்பட வேண்டிய மானம் சபைச் செக்ரட்டரி ஜீவரத்தினத்துடையது.

பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகும் அவளுக்கு உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜீவரத்தினம் நேராக அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. சபையில் எந்தக் கூட்டமானாலும் மைக்கைக் கண்டால் விடமாட்டார். இரண்டு தட்டு தட்டி, ஊதிப் பார்த்து, அதன்பிறகும் அரை மணி நேரம் பேசுவார். சாராளின் அம்மா சரோஜினி பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து, காப்பியை ஆற்றிக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"நம்ம கோபுரத்து ஸ்டாரை இந்த வருஷம் ஆட்டோமேட்டிக் பண்ணிடலாம்னு கமிட்டியில சொல்லியிருக்கேன். கோயில்பிள்ளை ஏசுபாதத்தை நம்பிப் பிரயோஜனம் இல்ல. ஒரு நாள் போடுறான், ஒரு நாள் மறந்துடுறான். சுவிட்சே கூடாது. பொழுது சாஞ்சா தானா எரியணும், விடிஞ்சா தானா அணையணும். நீதான் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில இருக்கியேம்மா. நம்ம சபைப் பிள்ளை கையால நடந்தா அது தனிதானே?"

"செய்றேன் அங்கிள்" என்றாள். எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் முகத்தில் ஏதாவது ஒரு கூச்சம், ஒரு தயக்கம் தெரிகிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. காப்பி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, ஸ்தோத்திரம் சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அந்த ஆள் மறந்தே போயிருந்தார். செய்ததைக்கூட மன்னித்திருக்கலாம், அதை மறந்துவிட்டு வந்து காப்பி குடித்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. பல்லாவரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த ஒருவருக்கும் சாராளுக்கும் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். ஆயர் எழுந்து நின்று, இன்னாருடைய குமாரனுக்கும் இன்னாருடைய குமாரத்திக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் உண்டென்று யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்று அறிவிப்பார். யாரும் எதுவும் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. தடை சொல்கிறவர்கள் கோயிலுக்கு வெளியில் சொல்வார்கள். "இந்தச் சபையைச் சேர்ந்த காலஞ்சென்ற தனசிங் அவர்களின் குமாரத்தி சாராள்" என்று ஆயர் வாசித்து, "இது முதலாம் முறை" என்று முடித்தபோது முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். ஆயர் வேறு இரண்டு ஜோடிகளுக்கு ஓலை வாசித்தார். பிறகு காணிக்கைப் பாட்டு எண்ணைச் சொன்னார். அவ்வளவுதான். பையன் வீட்டார் முந்தின இரவே ஆயரிடம் வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர்களிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. சபை முழுவதும் பாட்டுக்கு எழுந்து நின்றது. சாராளும் நின்றாள். எல்லார் தலையும் முன்னால் பார்த்திருந்தது, எல்லார் காதும் பின்னால் அவள்மேல் இருந்தது.

காரணம் பல மாதம் கழித்துத் தெரிந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பையனின் அத்தை முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள், சரோஜினியைப் பார்த்ததும் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். முதல் ஓலை வாசித்த பிறகு பையனின் அப்பா வழக்கப்படி சபைச் செக்ரட்டரியிடம் விசாரித்திருக்கிறார். ஜீவரத்தினம் சொன்னாராம்: "நல்ல குடும்பம்தான். பிள்ளை கம்பெனிக்குப் போகுது. செகண்ட் ஷிஃப்ட். நைட்டு பத்தரைக்கு வேன்ல வந்து இறங்கும். நானே பாத்திருக்கேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு பெருமூச்சு விட்டு, "நாம என்னத்தைச் சொல்றது, காலம் அப்படி" என்றாராம். பொய் என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்த வேனில் அவளோடு வந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஏதாவது பகையினால் சொல்லியிருந்தாலாவது சாராள் பதிலுக்குப் பகைத்துவிட்டுப் போயிருப்பாள். எல்லாம் தெரிந்த மனிதர் என்று காட்டிக்கொள்ளும் சுகத்துக்காகச் சொன்னார். அந்தச் சுகத்துக்கு அவள் கல்யாணம் போயிற்று.

அதற்குப் பிறகு வந்த வரன்கள் எல்லாம் அந்த முதலாம் முறையைப் பற்றித்தான் முதலில் விசாரித்தன.

சானடோரியத்தைத் தாண்டி வண்டி தாம்பரத்துக்குள் நுழையும்போது அவளுக்குத் திட்டம் முழுதாகப் பிடிபட்டிருந்தது. ஏற்றுமதி வளாகத்தில் அவள் வேலை செய்யும் கம்பெனியில் வெளிநாட்டு வீடுகளின் வாசல் விளக்குகளுக்கு இப்படித் தானாக எரியவைக்கும் சர்க்யூட் பலகைகளைத்தான் செய்கிறார்கள். இருட்டைக் கண்டதும் கண் சொல்லும், ரிலே என்கிற குட்டிச் சுவிட்ச் டக்கென்று விழும், விளக்கு எரியும். விடிந்ததும் மறுபடி ஒரு டக், விளக்கு அணையும். இதில் ஒரே ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கண் தன் விளக்கைத் தானே பார்த்துவிடக் கூடாது. பார்த்தால், விளக்கு எரிந்தவுடன் பொழுது விடிந்துவிட்டது என்று நினைத்து அணைத்துவிடும். அணைந்ததும் இருட்டிவிட்டது என்று நினைத்து ஏற்றும். விடியும்வரை இந்தக் கூத்துதான். கம்பெனி அசெம்பிளி லைனில் புதிதாகச் சேரும் பெண்கள் எல்லாரும் முதல் வாரத்தில் செய்கிற தவறு இது. மேஜைமேல் விளக்கையும் கண்ணையும் எதிரெதிரே வைத்துவிட்டு, பலகை கெட்டுப்போய்விட்டது என்று அழுதுகொண்டு வருவார்கள். சாராள் அந்தத் தவறை ஆற அமரச் செய்யப்போகிறாள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து, லைனில் அவள் பக்கத்து இருக்கைக்காரி கன்னியம்மா கீழ்க்கட்டளைக்குப் போகாமல் சாராளோடு அவள் வீட்டுக்கு வந்தாள். சரோஜினி மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். சமையலறை ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, அரிவாள்மனையைத் தள்ளிவைத்துவிட்டு, மேஜைமேல் பலகையையும் ஒரு பல்பையும் வைத்தார்கள். கன்னியம்மாவுக்கு எல்லாக் கதையும் தெரியும். அவளுக்கு இதில் சந்தேகமே கிடையாது.

"அந்தாளு வந்து ஒரு வார்த்தை கேட்டானா, தப்பா சொல்லிட்டேம்மான்னு?"

"மறந்துட்டாரு."

"மறந்துட்டானா! நீ ஆப்பு வெய்யி யக்கா. நல்லா ஊரே சிரிக்கணும்."

முதலில் போட்டோ டிரான்சிஸ்டரை மாட்டினார்கள். விளக்கணைத்து இருட்டாக்கியதும் ரிலே வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ர்ர்ர் என்று கத்தியது. பல்பு மங்கலாக, அழுது வடிந்துகொண்டு எரிந்தது. அணைவதும் எரிவதும் அவ்வளவு வேகமாக நடந்ததால் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை.

"இது லோ ஓல்டேஜ்ல எரியற மாரி கீது" என்றாள் கன்னியம்மா. "பாக்கறவன் கரண்ட்டு சரியில்லன்னு சொல்லிகினு வூட்டுக்குப் பூடுவான். அந்தாளுக்கு இன்னா ஆவும்? ஒண்ணும் ஆவாது."

உண்மைதான். தாம்பரத்தில் மங்கலாக எரியாத விளக்கு எது? அதற்காக யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. அடுத்து எல்.டி.ஆரை மாட்டினாள். டக், பல்பு எரிந்தது. எரிந்த கொஞ்ச நேரத்தில் டக், அணைந்தது. இருட்டில் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த மந்தக் கண்ணுக்கு இருட்டு பழகச் சற்று நேரம் பிடித்தது. பிறகு டக். எரிந்தது. அணைந்தது. கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"யக்கா, இது தன் மூஞ்சியத் தானே பாத்து பயந்துகினு கீது!"

சாராள் சிரிக்கவில்லை. அவள் அந்த இருட்டுத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை அணையும்போதும் ஒரு மனிதன் மைக்கைப் பிடித்துக்கொண்டு அசடு வழிய நிற்க அது போதுமான நேரம். அவளுடைய மானம் ஒரே நொடியில் போகவில்லை. அந்த ஞாயிறு, காணிக்கைப் பாட்டின் ஐந்து சரணங்களுக்கும் நின்று நிதானமாகப் போனது. அவருடையதும் அப்படித்தான் போக வேண்டும். குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை, கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர்கள்கூடப் பார்க்க வேண்டும். இதுதான், என்றாள். மெதுவான கண்ணே போதும்.

அன்றிரவே இன்னொரு வேலையும் செய்தாள். கேமரா பிலிம் வருகிற கறுப்பு டப்பா ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் அடியில் கண் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டாள். முறையாகச் செய்கிறவர்கள் கண்ணை இப்படி ஒரு டப்பாவுக்குள் வைத்து வானத்தைப் பார்க்கத் திருப்பிவிடுவார்கள். விளக்கின் வெளிச்சம் பக்கவாட்டில் படாது. யாராவது விவரம் தெரிந்தவர்கள் மேலே ஏறி வந்து, என்னம்மா கண் நட்சத்திரத்தைப் பார்க்கிறதே என்று கேட்டுவிட்டால், இதோ இதைத்தான் போடப்போகிறேன் என்று காட்டுவதற்கு. பழிவாங்குவதிலும் அவளுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது.

கிறிஸ்துமஸ் பாட்டுகள் பாடும் கீத ஆராதனை அன்று மத்தியானமே கோபுரத்துக்குள் ஏறினாள். கோயில்பிள்ளை ஏசுபாதம் மூங்கில் சட்டத்தில் சிவப்புத் தாள் ஒட்டிய நட்சத்திரத்தை ஏற்கெனவே கட்டி முடித்திருந்தான். ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. தன் வேலை பறிபோனதில் அவனுக்கு வருத்தமில்லை. மேலே ஏறி இறங்க முட்டி வலி என்றான். அவன் கீழே போன பிறகு, கண்ணைக் கைப்பிடிச் சுவரில், நட்சத்திரத்தின் நெஞ்சுக்கு நேர் எதிரே வைத்துக் கட்டினாள். மேலேயிருந்து பார்க்கும்போது மைதானத்தில் ஜீவரத்தினம் பந்தல்காரனிடம் மைக் கம்பத்தை இன்னும் முன்னால் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்கூட்டியே ஒருமுறை எரியவிட்டுப் பார்க்கலாமா என்று அவள் ஒப்புக்குக் கேட்டிருந்தாள். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். முதன்முதலாக எரிவதைச் சபையார்தான் பார்க்க வேண்டுமாம். அவர் கழுத்துக்கு அவரே சுருக்குப் போட்டுக்கொண்டார் என்று நினைத்தபோது, நட்சத்திரத்தின் தாள் வாசனைக்கு நடுவில், சாராளுக்கு வெகு நாட்களுக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது. அது சந்தோஷம்தான். அதற்கு வேறு பெயர் வைத்து மறைக்க அவள் விரும்பவில்லை.

சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. பாடகர் குழு வெள்ளை அங்கியில் வரிசையாக நின்றது. பல்லாவரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். கன்னியம்மா தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, இதுவரை கோயில் வளாகத்துக்குள் வராதவள், சாராளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜீவரத்தினம் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

"சபையாரே, இன்னும் சில நிமிஷத்துல, மனுஷ கை எதுவும் படாம, இருட்டினதும் தானா நம்ம நட்சத்திரம் எரியப்போகுது. எல்லாரும் மேல பாருங்க!"

எல்லாரும் மேலே பார்த்தார்கள். மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் ஒன்று போனது. மேற்கே ரயில் பாதைப் பக்கம் வானம் செம்பு நிறத்திலிருந்து சாம்பலுக்கு மாறியது. அவர் இன்னும் பேசிக்கொண்டேயிருந்தார். திடீரென்று கோபுரத்தில் நட்சத்திரம் பளிச்சென்று சிவந்தது. கூட்டம் ஆவென்று கைதட்டத் தொடங்கியது.

அணைந்தது.

கைதட்டல் பாதியில் நின்றது. இருட்டுக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "போச்சுடா" என்றது ஒரு ஆண் குரல். மறுபடி எரிந்தபோது சாராள் நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது. தூக்கிய கை தூக்கியபடி நின்றது. அணைந்தது. எரிந்தபோது அந்தக் கை கீழே இறங்கி மைக் கம்பத்தைப் பிடித்திருந்தது. அவருடைய கண்கள் கூட்டத்துக்குள் அவளைத் தேடின. நான்கு வருஷம் அவள் மனதுக்குள் வரைந்து வைத்திருந்த முகம் அப்படியே, ஒரு கோடு பிசகாமல் எதிரே இருந்தது. பார், நன்றாகப் பார் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் கன்னியம்மா கத்தினாள்.

"யம்மாடி! நச்சத்திரம் மின்னுது! நெசமாவே மின்னுது யக்கா!"

வஞ்சகம் இல்லாமல், அடி வயிற்றிலிருந்து வந்த குரல். சதி அவளுக்குத் தெரியும், சமையலறையில் சிரித்தவளும் அவள்தான். எல்லாம் அவளுக்கு மறந்துபோயிருந்தது. அண்ணாந்த முகத்தில் சிவப்பு வந்து வந்து போனது. சாராளும் வேறு வழியில்லாமல் மேலே பார்த்தாள். மேஜைமேல் மொட்டையாக எரிந்து அணைந்த பல்பு அங்கே இல்லை. தாளுக்குள்ளே வெளிச்சம் ஊறி நிறைந்து, வடிந்தது. அணைந்த நேரத்தில் நட்சத்திரம் இருந்த இடத்துக்குப் பின்னால் உண்மையான வானம் தெரிந்தது. பிறகு மறுபடியும் ஊறியது. அழகாக இருந்தது. அவளால் அதை இல்லையென்று சொல்ல முடியவில்லை.

"மின்னுது, மின்னுது" என்று கூட்டம் முழுவதும் பரவியது. கைதட்டல் முன்னைவிடப் பெரிதாக எழுந்தது. ஜீவரத்தினம் கெட்டிக்காரர். அவருக்கு ஒரு நொடி போதும்.

"சபையாரே! சும்மா எரிஞ்சா அது தெருவிளக்கு. குழந்தை இயேசுவைத் தேடி வந்த சாஸ்திரிகளுக்கு வழிகாட்டின நட்சத்திரம் எப்படி மின்னியிருக்கும்? அதே மாதிரி இருக்கணும்னுதான் நான் சொன்னேன். சொன்னபடி செஞ்சு கொடுத்தது யாரு? இந்தச் சபையைச் சேர்ந்த, காலஞ்சென்ற தனசிங் அவர்களின் குமாரத்தி, சாராள்!"

அதே வார்த்தைகள், அதே வரிசையில். அவர் தெரிந்து சொல்லவில்லை. சபையில் ஒருவரை அறிவிக்கும்போது இப்படித்தான் அறிவிப்பார்கள் என்று அவர் நாக்குக்குப் பழக்கம். இது இரண்டாம் முறை, என்று அவளுக்குள் ஏதோ ஒன்று வாசித்து முடித்தது.

"சாதாரணமா வந்த வித்தையா இது? செகண்ட் ஷிஃப்ட் பாக்குற பிள்ளை. நைட்டு பத்தரைக்கு வேன்ல வந்து இறங்கும். நானே பாத்திருக்கேன்! அப்படி உழைச்சுக் கத்துக்கிட்டது. கை தட்டுங்க!"

தட்டினார்கள். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சரோஜினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மகளின் கையைப் பிடித்தாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

"கேட்டியா சாரா? அதே வாயால சொல்லிட்டாரும்மா. இத்தனை பேர் முன்னால சொல்லிட்டாரு."

"அவருக்கு ஞாபகமே இல்லம்மா."

"இல்லாட்டிப் போகட்டுமே. நமக்கு இருக்குதுல்ல?"

அம்மாவுக்கு அதோடு தீர்ந்துபோனது. நான்கு வருஷத்துப் பாரத்தை அந்த இடத்திலேயே இறக்கி வைத்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாடகர் குழுவோடு சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டாள். சாராளுக்குத் தீரவில்லை. அவளுடைய பழியை அந்த ஆள் பிடுங்கி, ஜிகினா ஒட்டி, தன் சட்டையிலேயே குத்திக்கொண்டார். அவள் கல்யாணத்தைக் கெடுத்த வார்த்தையாலேயே அவளைப் புகழ்ந்துவிட்டார். இனி அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் சபையில் யாரும் நம்பப்போவதில்லை. அதைவிட, வேகமான கண்ணைப் போட்டிருந்தால் நட்சத்திரம் அழுது வடிந்திருக்கும், மின்னியிருக்காது. மெதுவான கண்ணைத் தேடித் தேடி எடுத்தவள் அவள்தான். அவர் முகத்தை நின்று பார்க்க ஆசைப்பட்டதன் பலன். இதை யாரிடம் போய்ச் சொல்வது.

ஆராதனை முடிந்து எல்லாரும் கேக்குத் துண்டுகளோடு கலைந்துகொண்டிருக்கும்போது ஜீவரத்தினம் அவளிடம் வந்தார். மேடையில் இருந்ததைவிடக் கொஞ்சம் வயதானவராகத் தெரிந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"முதல்ல அணைஞ்சப்போ எனக்கு உயிரே போயிடுச்சும்மா. மானம் போச்சுன்னே நினைச்சேன். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ?" என்று சிரித்தார். பிறகு மேலே பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு. இதை எதுவும் மாத்திடாதே. குரோம்பேட்டைக்காரங்க எல்லாம் வாயைப் பொளந்துட்டுப் போறாங்க. கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஆயரோட பெரிய ஆட்கள் எல்லாம் வர்றாங்க. சும்மா குண்டு பல்பு மாதிரி எரிஞ்சுதுன்னா அசிங்கமாப் போயிடும்."

"சரி அங்கிள்."

உயிர் போனது, மானம் போனது என்று அவரே சொன்னார். அவள் கேட்க விரும்பிய வார்த்தைகள்தான். இரண்டு நிமிஷம்கூட நீடிக்காமல், சிரிப்போடு கலந்து வந்தன. அவர் பேனாக்களைச் சரிசெய்துகொண்டு போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். அப்புறம்தான் உறைத்தது. கைப்பைக்குள் அந்தக் கறுப்பு டப்பா இருக்கிறது. மேலே போய், கண்ணை அதற்குள் நுழைத்து, வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டால் போதும். நட்சத்திரம் சொன்னபடி, முறைப்படி, விடியும்வரை அசையாமல் எரியும். கிறிஸ்துமஸ் அன்றும் எரியும். அவர் பெரிய ஆட்கள் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மின்னும் மின்னும் என்று அண்ணாந்து நிற்பார். அந்த ஆளைப் பழிவாங்க வேண்டுமென்றால் இனி அவள் வேலையை ஒழுங்காகச் செய்தாக வேண்டும்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கன்னியம்மா கொஞ்ச தூரத்தில், கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல், இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் கத்தியது இப்போதுதான் நினைவுக்கு வந்தது போல மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"யக்கா, கோவமா கீறியா? வாயி சும்மா இல்ல, கத்திட்டேன். ஆனா நீயே பாரேன்."

சாராள் மேலே பார்க்காமல் முன்னால் நடந்தாள். கோபுரத்தின் அடியில், மாடிப்படிக் கதவருகே ஏசுபாதம் சாவிக்கொத்தோடு காத்திருந்தான்.

"மேல போறியாம்மா? இல்ல, பூட்டிடட்டுமா?"

கதவு திறந்திருந்தது. உள்ளே மூன்று படி தெரிந்தது, பிறகு இருட்டு, பிறகு மறுபடி சிவப்பாக அதே மூன்று படி. மேலேயிருந்து ரிலேயின் சத்தம் கேட்டது. அந்தக் கூட்டத்தில் அதைக் கேட்கத் தெரிந்த காது இரண்டு பேருக்குத்தான் உண்டு. டக். டக். சாராளின் கை கைப்பைக்குள் இருந்தது. கட்டைவிரல் பிலிம் டப்பாவின் மூடியைத் திறந்தது, மூடியது. வெளிச்சம் வந்தபோது திறந்தது, போனபோது மூடியது. ஏசுபாதம் சாவியைப் பூட்டுக்குள் நுழைக்காமல் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். அது ஒரு நொடி சிவப்பாகத் தெரிந்தது, அடுத்த நொடி தெரியவில்லை.